வில்நாண் போன வழி

அக்கா மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வட்டம் பற்றிய பாடத்தில் வில் வந்தது, நாண் வந்தது. அவளுக்குச் சிரமமே இல்லை. வளைந்த பகுதி வில், அதன் இரண்டு முனைகளையும் இணைக்கும் நேர்கோடு நாண். படத்தைப் பார்த்தாலே சொல் தன் பொருளைச் சொல்லிவிடுகிறது. பிறகு முக்கோணவியலுக்குப் போனோம். அங்கே சைன், கொசைன். எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் சைன் என்றேன். "அது கணக்கு மாமா, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டாள்.

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்துத் தெரிந்துகொண்டபோது, அவளைத் திரும்பக் கூப்பிட்டு முந்தைய பாடத்தைத்தான் புரட்டிக் காட்ட வேண்டியிருந்தது. சைன் என்பதும் அந்த நாண்தான். வில்லின் கயிறு என்ற பொருளில் இந்தியாவிலிருந்து புறப்பட்ட ஒரு சொல், நான்கு மொழிகளைக் கடந்து, அடையாளம் தெரியாத உருவத்தில் நம் பாடப்புத்தகத்துக்கே திரும்பி வந்திருக்கிறது. ஒரே புத்தகத்தில் சில பக்க இடைவெளியில் இரண்டும் இருக்கின்றன.

அந்தப் பயணத்தைச் சொல்வதற்கு முன் அந்த நாணைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

வானத்தில் கோள்கள் நகர்வதைக் கணக்கிட, கோணத்துக்கும் நீளத்துக்கும் உள்ள உறவு தெரிந்தாக வேண்டும். கிரேக்கர்கள் இதற்கு முழு நாணை எடுத்துக்கொண்டார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தாலமி எழுதிய ‘அல்மஜெஸ்ட்’ என்ற பெருநூலில், வட்டத்தின் ஆரத்தை 60 என்று வைத்து, அரைப் பாகை இடைவெளியில் 180 பாகை வரைக்கும் நாண்களின் நீளம் அட்டவணையாக இருக்கிறது. இந்திய வானியலார் செய்தது பார்வைக்குச் சின்ன மாற்றம். முழு நாணை விட்டுவிட்டு அதன் பாதியை எடுத்தார்கள். வில்லின் நடுவிலிருந்து வட்ட மையத்துக்கு ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அது நாணைச் சரிபாதியாக வெட்டும். பாதி நாண், ஆரம், மையத்திலிருந்து வரும் கோடு ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஒரு செங்கோண முக்கோணம் கிடைத்துவிடும். செங்கோண முக்கோணம் கையில் வந்துவிட்டால் கணக்கில் பாதி முடிந்த மாதிரி. வடமொழியில் ‘ஜ்யா’ என்றால் வில்லின் நாண். பாதி நாணுக்கு ‘அர்த்தஜ்யா’. நாளடைவில் ‘அர்த்த’ உதிர்ந்து, பாதி நாணையே ‘ஜ்யா’ என்றார்கள். ‘ஜீவா’ என்றும் ஒரு பெயர் உண்டு.

கி.பி. 499இல் ஆரியபடர் எழுதிய ‘ஆரியபடீயம்’ சுமார் 120 செய்யுள் கொண்ட சிறு நூல். அதில் ஒரே ஒரு செய்யுளுக்குள் பாதி நாண் அட்டவணை முழுவதும் அடங்கியிருக்கிறது. எழுத்துகளையே எண்களாக்கும் முறை அவருடையது. செய்யுளின் முதல் அசைச்சொல் ‘மகி’. அதில் ம என்றால் 25, வடமொழியின் இரண்டாவது ககரத்தோடு இகரம் சேர்ந்தால் 200, மொத்தம் 225. அடுத்து 224, பிறகு 222, 219, 215, 210, 205, 199 என்று எண்கள் குறைந்துகொண்டே போய் கடைசியில் 7இல் முடியும். மொத்தம் 24 எண்கள். அடுத்தடுத்த பாதி நாண்களுக்கு இடையே உள்ள வித்தியாசங்கள் இவை.

ஒரு தாளும் பேனாவும் எடுத்து முதல் எட்டு எண்களைக் கூட்டிப் பாருங்கள். 1719 வரும். 24 எண்களையும் கூட்டினால் 3438 வரும். ஆரியபடர் எடுத்துக்கொண்ட ஆரம் அதுவே. 1719 அதில் சரிபாதி. எட்டாவது படி 30 பாகை. சைன் 30 என்றால் அரை என்று நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்களே, அது 1500 ஆண்டுகளுக்கு முன் ஒரு செய்யுளின் எட்டு அசைச்சொற்களுக்குள் இருந்தது. இதை முதல் தடவை கூட்டிப் பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட நிறைவு இன்னும் குறையவில்லை.

நாணோடு அதன் குடும்பமும் இருந்தது. வட்டத்தின் வளைவு வில். நாணின் நடுவுக்கும் வில்லின் நடுவுக்கும் இடையே உள்ள சிறு தூரம் ‘சரம்’, அதாவது அம்பு. வில்லின் முனை ‘கோடி’. அதையொட்டிய இன்னொரு நீளம் ‘கோடிஜ்யா’, நாம் இன்று கொசைன் என்பது. அம்பு பூட்டிய ஒரு வில்லைக் கண்முன் வைத்துக்கொண்டு ஒரு துறையே தனக்குச் சொற்களைச் செய்துகொண்டது. இந்தத் துறையும் வானத்திலிருந்து குதித்துவிடவில்லை. அதற்கு முன்பே கிரேக்க வானியலும் சோதிடமும் வடமொழிக்குள் வந்திருந்தன. வடமொழியில் மையத்தைக் குறிக்கும் ‘கேந்திரம்’ கிரேக்கத்திலிருந்து வந்த சொல். பஞ்சாங்கத்தில் குரு ஓரை, சுக்கிர ஓரை பார்க்கிறோமே, அந்த ஓரையும் ‘ஹோரா’ என்ற கிரேக்கச் சொல்லின் வழிவந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. முழு நாண் அங்கிருந்து வந்தது, பாதி நாணாக இங்கிருந்து போயிற்று.

போன இடம் பாக்தாத். கலீஃபா அல்மன்சூர் 762இல் கட்டத் தொடங்கிய புதிய தலைநகரம் அது. 770களின் தொடக்கத்தில் சிந்துப் பகுதியிலிருந்து அவர் அவைக்கு ஒரு தூதுக்குழு வந்தது. அதில் வானியல் அறிந்த இந்தியர் ஒருவர் இருந்தார், அவரோடு வடமொழி வானியல் நூல் ஒன்றும் வந்தது. பிரம்மகுப்தர் 628இல் எழுதிய சித்தாந்தத்தைச் சார்ந்த நூல் அது. அதை அரபியில் கொண்டுவரும் வேலை அல்ஃபஸாரி போன்றவர்களிடம் வந்தது. ‘சித்தாந்தம்’ அரபு நாவில் ‘சிந்துஹிந்த்’ ஆயிற்று. அந்தப் பெயரில் ஒரு வானியல் மரபே அங்கே கிளைத்தது. அந்த மரபில் நின்றுதான் அடுத்த நூற்றாண்டில் அல்குவாரிஸ்மி தம் அட்டவணைகளைத் தொகுத்தார்.

மொழிபெயர்ப்பு மேசையில் அந்தச் சொற்களுக்கு என்ன நடந்தது என்பது இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம். அம்பைப் பொருள் அறிந்து பெயர்த்தார்கள். ‘சரம்’ அரபியில் ‘சஹ்ம்’ ஆயிற்று. சஹ்ம் என்றாலும் அம்புதான். நாணை அப்படிச் செய்யவில்லை. ‘ஜீவா’ என்ற ஒலியை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். வகரம் பகரமாக மாறி ‘ஜீபா’ ஆயிற்று. அக்கம்பக்கத்தில் இருந்த இரண்டு சொற்களில் ஒன்று பொருளாகவும் மற்றது ஒலியாகவும் எல்லை கடந்தன.

அரபு எழுத்தில் உயிர்க்குறிகளைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. ஜீம், யா, பா என்று மூன்று எழுத்து எழுதினால் வாசிப்பவரே உயிரொலி சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டும். ஓலைச்சுவடியைப் பார்த்த தமிழருக்கு இது புதிதில்லை. சுவடியில் மெய்க்குப் புள்ளி இராது, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு இராது. இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். ஜீம்-யா-பா என்ற எழுத்துகளை ‘ஜீப்’ என்று படித்தால் அரபியில் ஒரு பொருளும் இல்லை. ‘ஜைப்’ என்று படித்தால் நல்ல அரபுச் சொல் கிடைக்கும். அங்கியின் மார்புப் பக்கத்து மடிப்பு, பொருள் வைத்துக்கொள்ளும் பை என்று அதற்குப் பொருள். பொருளற்ற ஒலியைவிடத் தெரிந்த சொல்லையே நாக்கு நாடும். அரபுக் கணிதத்தில் பாதி நாண் ‘ஜைப்’ என்று நிலைத்தது.

இந்த ஜைப் நமக்கும் உறவு. பாரசீகத்துக்குப் போய், உருதுவுக்கு வந்து, தமிழில் ‘ஜேபி’ ஆகிவிட்டது. சட்டை ஜேபி என்கிறோம், பேருந்தில் கூட்டம் சேர்ந்தால் ‘ஜேப்படி, பார்த்துக்கோ’ என்கிறோம். தனித் தமிழில் இதற்கு அச்சு அசலாக ஒரு சொல் இருக்கிறது: மடி. மடிப்பும் மடிதான், குழந்தையை வைத்துக்கொள்ளும் இடமும் மடிதான், வேட்டியில் காசை முடிந்துகொள்வதும் மடியில்தான். பாக்தாதில் இருந்த மொழிபெயர்ப்பாளரிடம் ஒரு தமிழர் ‘ஜைப் என்றால் என்ன’ என்று கேட்டுப் பெயர்த்திருந்தால் ‘மடி’ என்றே எழுதியிருப்பார்.

சொல் இப்படி உருமாறியதால் துறைக்கு நட்டமா? ஒரு துளியும் இல்லை. அதற்குக் காரணம், பாக்தாதில் இந்திய நூல் ஒற்றையாக இல்லை. அதே காலத்தை ஒட்டி தாலமியின் அல்மஜெஸ்டும் கிரேக்க மரபிலிருந்து அரபிக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு தடவை பெயர்த்ததோடு அவர்கள் நிறுத்தவில்லை. அல்ஹஜ்ஜாஜ் ஒருமுறை பெயர்த்தார். பிறகு இஸ்ஹாக் இப்னு ஹுனைன் பெயர்க்க, தாபித் இப்னு குர்ரா அதைத் திருத்தினார். தாலமியிடம் ஒவ்வொரு முடிவுக்கும் நிரூபணம் இருந்தது, ஆனால் கருவி முழு நாண். இந்திய நூலில் கருவி பாதி நாண், விதிகள் சுருக்கமான செய்யுள், நிரூபணம் வாய்மொழியாக ஆசிரியரிடம் இருந்தது. இரண்டும் ஒரே மொழிக்குள் வந்து ஒரே மேசையில் விரிந்தபோது, ஒன்றின் கருவியை மற்றொன்றின் நிரூபணத்தோடு சேர்க்க முடிந்தது. ஏதென்ஸிலோ உஜ்ஜயினியிலோ அப்படி ஒரு மேசை இருக்கவில்லை. ஒரு துறைக்கு மொழிபெயர்ப்பு என்ன செய்யும் என்று யாராவது கேட்டால் நான் இந்த மேசையைத்தான் காட்டுவேன்.

அதன் பிறகு துறை வளர்ந்த வேகம் வியப்பளிப்பது. அல்பத்தானி தாலமியின் நாண்களை விட்டு ஜைபுக்கு மாறினார். 10ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அபுல் வஃபா, கால் பாகை இடைவெளியில், இன்றைய கணக்கில் எட்டுத் தசம இடம் வரை சரியான ஜைப் அட்டவணை தயாரித்தார். நிழலின் நீளத்திலிருந்து இன்று நாம் டேன்ஜென்ட் என்று சொல்லும் அளவும் இதே குடும்பத்தில் வந்து சேர்ந்தது. 13ஆம் நூற்றாண்டில் நஸீருத்தீன் அத்தூசி முக்கோணக் கணிதத்தை வானியலின் வேலைக்காரனாக வைத்திராமல் தனி நூலாக எழுதினார். துறை தன் காலில் நின்றது அப்போதுதான்.

இவர்களில் அல்பிரூனியைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை சொல்லாமல் நகர மனம் வரவில்லை. கையில் கிடைத்த பெயர்ப்புகள் போதவில்லை என்று கண்டு, இந்தியாவுக்கு வந்து பண்டிதர்களோடு உட்கார்ந்து வடமொழி கற்றவர் அவர். 1030 வாக்கில் இந்தியாவைப் பற்றி அவர் எழுதிய பெருநூலில், யூக்ளிடையும் அல்மஜெஸ்டையும் இந்தியர்களுக்காக வடமொழியில் ஆக்கிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறார். ஒரு வழியாக வந்த அறிவை எதிர்வழியாகவும் அனுப்ப நினைத்த அந்த மனத்தை நான் வணங்குகிறேன்.

அடுத்த நிறுத்தம் ஸ்பெயினின் டொலேடோ. 1085இல் அந்த ஊர் கிறிஸ்தவ அரசர் ஆறாம் அல்ஃபோன்சோவின் கைக்கு மாறியது. அரபு நூல்கள் நிறைந்த ஊர். அரபும் உள்ளூர் மொழியும் ஒருங்கே பேசும் மக்கள். இத்தாலியின் கிரெமோனாவிலிருந்து ஜெரார்டு அங்கே போனது அல்மஜெஸ்ட் என்ற ஒரே நூலைத் தேடி. லத்தீனில் அது கிடைக்கவில்லை என்பதால் அரபு கற்றார். காலிப் என்ற உள்ளூர்க்காரர் அரபு மூலத்தைப் பேச்சு மொழியில் சொல்லச் சொல்ல, ஜெரார்டு லத்தீனில் எழுதியதாக அங்கே வந்து பார்த்த ஆங்கிலேய மாணவர் ஒருவர் குறித்து வைத்திருக்கிறார். 1175இல் அல்மஜெஸ்ட் முடிந்தது. ஆனால் அந்த ஒரு நூலுக்காக வந்தவர் ஊர் திரும்பவில்லை. வாழ்நாளெல்லாம் அங்கேயே பெயர்த்துக்கொண்டிருந்தார். 1187இல் அவர் இறந்தபின், தம் பெயரைக்கூட நூல்களில் போட்டுக்கொள்ளாத ஆசிரியரின் உழைப்பு மறைந்துவிடக்கூடாது என்று மாணவர்கள் ஒரு பட்டியல் தயாரித்தார்கள். 71 நூல்கள். யூக்ளிட், அல்குவாரிஸ்மியின் அல்ஜீப்ரா, இப்னு சீனாவின் மருத்துவம் எல்லாம் அதில் உண்டு.

அந்த நூற்றாண்டில் ஸ்பெயினில் பெயர்த்த இன்னும் பலரின் கைகளிலும் ஜைப் வந்து நின்றது. அதை முதலில் பெயர்த்தவர் ஜெரார்டா, செஸ்டரைச் சேர்ந்த ராபர்ட்டா, வேறொருவரா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பெயர்த்த சொல்லில் ஐயமில்லை: ‘சைனஸ்’. லத்தீனில் ஆடையின் மடிப்பு, மார்பு, கடல் உள்வாங்கிய வளைகுடா எல்லாவற்றுக்கும் அந்தச் சொல். மூக்கடைத்துத் தலை கனக்கும்போது மருத்துவர் சொல்லும் சைனஸும் இதே சொல்தான். எலும்புக்குள் இருக்கும் குழிவு அது.

இதைத் தவறான மொழிபெயர்ப்புக்கு உதாரணமாகச் சொல்லி நகரும் கட்டுரைகளைப் பலமுறை படித்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. லத்தீன்காரர் கையில் இருந்தது ‘ஜைப்’ என்று முந்நூறு ஆண்டுகளாக வழங்கிய சொல். அதற்கு மடிப்பு என்று பொருள். மடிப்பு என்றே பெயர்த்தார். அவர் செய்தது சரியான வேலை. அம்பையும் அவர்கள் தவறவிடவில்லை. சஹ்ம் லத்தீனில் ‘சஜிட்டா’ ஆயிற்று, அதற்கும் அம்பு என்றே பொருள். கண்ணாடி வில்லையின் வளைவை அளக்கும் ஒளியியல் வல்லுநர்கள் இன்றும் அந்த அளவை சஜிட்டா என்கிறார்கள். இந்திய வில்லின் அம்பு பொருள் மாறாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. நாண் மட்டும் வழியில் மடியாக மாறிக்கொண்டது. வேலை செய்ததோ இரண்டும் ஒரே மாதிரி.

ஐரோப்பாவில் நடந்தது பலரும் அறிந்தது. ரெஜியோமொன்டானஸ் 1464இல் எழுதிய முக்கோணங்கள் பற்றிய நூல் 1533இல் அச்சேறியது. ரெட்டிகஸ் தொடங்கிய பத்து இலக்க அட்டவணைகள் அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்குப் பின் 1596இல் வெளியாயின. கடலோடிகளும் நில அளவையாளர்களும் அவற்றை எடுத்துக்கொண்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் கையில் சைன் ஒரு நீளமாக இருந்த நிலை போய், சார்பு ஆயிற்று.

இதே நாணுக்கு இங்கே என்ன ஆயிற்று? மலையாள நாட்டில், சங்கமகிராமத்து மாதவர் 14ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், பாதி நாணை முடிவில்லாத தொடராக விரித்தார். ஒரு பங்கு கூட்டி, ஒரு பங்கு கழித்து, மறுபடி கூட்டி என்று போகப் போக விடை துல்லியமாகிக்கொண்டே வரும். நியூட்டனும் லைப்னிட்ஸும் இதே தொடர்களுக்கு வந்து சேர்ந்தது 1660, 1670களில். மாதவரின் சீடர் வரிசையில் வந்த ஜ்யேஷ்டதேவர் 1530 வாக்கில் ‘யுக்திபாஷா’ எழுதினார். வடமொழியின் செய்யுள் வழக்கத்தை விட்டு, மலையாள உரைநடையில், ஏன் எப்படி என்ற நிரூபணங்களோடு எழுதினார். துறையின் நிரூபணத்தைத் தாய்மொழியில் உட்கார்ந்து சொன்ன அபூர்வ நூல் அது.

அந்த நூலுக்கு ஒரு பாக்தாத் வாய்க்கவில்லை. அதை வேற்றுமொழிக்காரர் யாரும் அக்காலத்தில் எடுத்துப் போனதற்கு உறுதியான சான்று இதுவரை இல்லை. ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு, இல்லத்திலிருந்து இல்லத்துக்கு என்று பாரதப்புழையின் இருகரைகளுக்குள்ளேயே அந்த அறிவு ஓடியது. ஆரியபடரின் 24 எண்கள் உலகம் சுற்றின. அவற்றைவிடப் பல படி ஆழமான மாதவரின் தொடர்கள் ஓலையிலேயே தங்கின. ஒன்றைவிட மற்றொன்று தரம் குறைந்தது என்பதல்ல காரணம். ஒன்றுக்கு மொழிபெயர்ப்பாளர் கிடைத்தார், மற்றொன்றுக்குக் கிடைக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த சார்லஸ் விஷ் என்பவர் 1830களில் இந்தத் தொடர்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். கட்டுரை வந்தது, நூல் வரவில்லை. படித்தவர்களும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. ஒரு நூற்றாண்டு போனபின், 1940களில், சென்னையில் கணிதப் பேராசிரியராக இருந்த சி. டி. ராஜகோபாலும் கே. எம். மாராரும் மறுபடி எடுத்துப் பேசினார்கள். கே. வி. சர்மா சுவடிகளைத் தேடி, ஒப்பிட்டு, பதிப்பித்து, கடைசியில் சென்னையில் இருந்தபடி யுக்திபாஷாவை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 2005இல் அவர் காலமானார். நூல் 2008இல் இரண்டு தொகுதிகளாக வந்தது. எழுதப்பட்டு ஏறக்குறைய 480 ஆண்டுகள் கழித்து.

அதன் பிறகு கணித வரலாற்றில் பேச்சின் தொனியே மாறியிருக்கிறது. ‘கேரளத்தில் ஏதோ இருந்ததாம்’ என்று அடிக்குறிப்பில் வந்துகொண்டிருந்தவர்களின் வாதங்களை இப்போது வரி வரியாக எடுத்து வைத்து ஆராய முடிகிறது.

அந்தப் பதிப்பில் மலையாள மூலமும் இருக்கிறது, ஆங்கிலமும் இருக்கிறது. அக்கா மகளிடம் அதைச் சொன்னேன். மூலத்தில் ஜ்யா என்று வரும் இடத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஆர்சைன்’ என்று பெயர்த்திருக்கிறார்கள். ஆரத்தால் பெருக்கிய சைன். சிந்துக் கரையிலிருந்து பாக்தாதுக்கும், அங்கிருந்து டொலேடோவுக்கும் போன சொல், ஊரை விட்டுப் போகாத சொல்லுக்குப் பெயர்ப்பாக வந்து நிற்கிறது. அவள் தன் நோட்டைத் திறந்து, சைன் என்று எழுதியிருந்த இடத்துக்கு மேலே ஒரு வில்லை வரைந்து, நாணின் பாதியை மட்டும் பேனாவால் அழுத்திக் கருப்பாக்கினாள்.